முதலில் வைத்த பெயர்

காபெஸ்
14 அக்டோபர் 2018

அன்புள்ள சல்வாவுக்கு,

ரஃபீகா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், என் மாமியின், அதுதான் உன் உம்மாவின், முழங்காலைத் தவிர. அது எந்த டாக்டர் பேச்சையும் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் போனில் பேசிக்கொள்கிறோமே, இப்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ கூப்பிட்டால் மாமி போனை நடுக்கூடத்தில் வைத்து, தெருவுக்கே கேட்கும்படி சத்தத்தைக் கூட்டிவிடுகிறாள். இது அவள் காதில் விழக்கூடாத சங்கதி. தவிர, இதோடு வரும் குப்பிகளைப் போனில் அனுப்ப முடியாது.

போன வாரம் சோலையில் ஷத்லியின் தோட்டத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். மாதுளை மரம் ஒன்று சாய்ந்து அடிமண் திறந்துகொண்டது. உள்ளே நம்முடைய குருட்டுப் படை எறும்புகள், டோரிலஸ். "டீச்சரம்மாவோட சொந்தக்காரங்க எல்லாம் வெளிய வந்துட்டாங்க, வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு" என்று ஷத்லி ஆள் அனுப்பினான். போட்டது போட்டபடி ஓடினேன். வேலைக்காரி எறும்புகள் கொத்துக் கொத்தாக விரலில் தொங்கின. அந்தக் கலவரத்துக்கு நடுவில் பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து ஓர் ஆணை இழுத்துக்கொண்டு போனார்கள். வெளிறிய உடம்பு, இறக்கை இன்னும் விரியவில்லை. பறந்தே இராதவன். அந்தக் கூட்டிலேயே பிறந்தவன்.

அந்த ஆண், லஸ்ஹர் பெயரை நாம் வைத்த நம் லஸ்ஹரி இனம், சல்வா. வயிற்று நுனிப் பிளவு, தாடை வளைவு, எல்லாம் அப்படியே. நாம் இருவரும் சேர்ந்து வரைந்த படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வாரமாகப் பார்க்கிறேன்.

வேலைக்காரிகளோ, பிரெஞ்சுப் பட்டாளத்தோடு வந்த ஒரு டாக்டர் நூறு வருடத்துக்கு முன்பே பிடித்துப் பெயர் வைத்துவிட்டுப் போன பழைய இனம். இந்தக் கூட்டத்தில் ஆணுக்கும் வேலைக்காரிக்கும் ஜாடையே கிடையாது என்பது நமக்குப் பால பாடம். இவள் கண்ணில்லாமல் மண்ணுக்கடியில் திரிகிறாள். அவன் பெரிய கண்ணும் இறக்கையுமாக விளக்கைத் தேடி வருகிறான். இவர்களின் ஆணை முதலில் பார்த்த பெரியவர்கள் குளவி என்றே பதிந்து வைத்தார்கள். ஆணுக்கு ஒரு பெயர், வேலைக்காரிக்கு ஒரு பெயர் என்று ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் வைத்துவிட்டு அசடு வழிந்தவர்கள் எத்தனையோ பேர். நாமும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டோமோ என்று பயமாக இருக்கிறது. அப்படியானால் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும். உன் அண்ணன் பெயர் போய்விடும்.

ஆறு குப்பிகள் அனுப்பியிருக்கிறேன். முதல் மூன்றும் ஆண். அதில் ஒன்று லஸ்ஹர் தன் கையால் பிடித்த அந்த முதல் மாதிரியிலிருந்து. காலை ஒடிக்க மனம் வரவில்லை. எல்லாவற்றிலும் உள்ளேயிருந்து சதைத் துணுக்கு மட்டும் எடுத்தேன். அடுத்த மூன்றும் வேலைக்காரிகள். உன் ஆய்வகத்தில் டி.என்.ஏ. பார்த்துச் சொல். எனக்கு இங்கே அந்த வசதி இல்லை என்பது உனக்குத் தெரியும்.

போன நோன்பில் ஒரு நாள், ஷொர்பா கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாமி, "அல்லாஹ் அவனுக்கு ரஹ்மத் செய்யட்டும்" என்றாள். கள்ளப் படகேறிப் போனவனிடமிருந்து சேதியே வராத இந்த ஏழு வருடத்தில் லஸ்ஹரை இறந்தவனாக வைத்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து தூங்குகிறாள், சாப்பிடுகிறாள். இந்த நிம்மதி கலையக் கூடாது. நான் நினைப்பது தப்பாகவே இருக்கட்டும் என்று துஆ செய்.

உன்,
ரஃபீகா

*

மார்செய்
11 நவம்பர் 2018

என் அருமை மதினிக்கு,

பார்சல் பத்திரமாக வந்தது. சுங்கத்தில் ஒருவன் குப்பியிலிருந்த ஸ்பிரிட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, "குடிக்கிறதுன்னா பெரிய பாட்டிலா வாங்கக் கூடாதாம்மா?" என்று கேட்டான். இங்கே இப்போதே குளிர் எலும்பைத் தொடுகிறது. நீ அனுப்பிய ஹரிஸா தீர்ந்து ஒரு மாதமாகிறது. இங்கே ஹரிஸா என்று விற்பது தக்காளிச் சாறு. அதில் மிளகாயின் நிழல்கூட விழவில்லை.

மிஷினுக்கு வரிசை நீளம், ஜனவரிக்கு முன்னால் இடமில்லை. ஆனால் நீ ஏன் இப்படிப் பதறுகிறாய்? நம் பழைய சண்டை ஞாபகம் இருக்கிறதா? ஆப்பிரிக்காவில் படை திரண்டு போகும் எறும்பும் அமெரிக்காவில் படை திரண்டு போகும் எறும்பும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று நான். தனித்தனியாக அந்தப் புத்தி வந்தவை என்று நீ. அதற்காக விடுதியில் இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. ஒரே மாதிரி நடந்துகொள்வதெல்லாம் உறவாகிவிடாது என்று எனக்குப் பாடம் எடுத்தவள், இப்போது ஒரே குழியில் இருந்தார்கள் என்பதற்காக ஒரே குடும்பம் என்கிறாய். இந்த ஆண்கள் கண்ட கூட்டிலும் நுழைகிறவர்கள். விருந்துக்கு வந்தவனைப் பிடித்து வீட்டுப் பிள்ளை என்கிறாயோ என்னவோ.

எனக்கு அந்த நாள் நேற்றுப் போல் இருக்கிறது. அண்ணன் பெட்ரோல் பங்கில் வேலை முடித்து, காலி ஹரிஸா டப்பாவை உள்ளங்கையால் மூடிக்கொண்டு வந்தான். பங்க் விளக்கில் வந்து மோதியதாம். நீ குளவி என்றாய். "குளவின்னா இந்நேரம் என்னக் கொட்டியிருக்கும். இது எறும்புதான், உங்க ரெண்டு பேரு படிப்பும் தண்டம்" என்றான். அவன் சொன்னதுதான் சரியாயிற்று. பிறகு அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்குத்தான் புள்ள இல்லையே, இதுக்காவது எம் பேர வைங்கடி" என்றான். நீ எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாய். சர்ஸீஸ் கரையிலிருந்து அவன் ஐரோப்பாவுக்குக் கள்ளப் படகேறியது அதற்கு மறு வருடம்.

மூன்று வருடம் காத்திருந்து நாம் அந்தப் பெயரை வைத்தபோது உம்மா என்ன பாடு படுத்தினாள். நம் வீட்டில் செத்தவர் பெயரைத்தான் பிள்ளைக்கு வைப்பார்கள். "பேர வச்சுட்டீங்கன்னா அவன அடக்கிட்டீங்கன்னு அர்த்தம்" என்று ஒரு மாதம் உன் கையால் சாப்பிடவில்லை. அத்தனையும் தாண்டி இப்போதுதான் ஆறியிருக்கிறாள் என்று நீயே எழுதுகிறாய். அதைக் கிளறாதே. குழியை மூடிவிட்டு வந்து டீ குடி.

முழங்காலுக்கு இங்கிருந்து ஒரு தைலம் அனுப்புகிறேன். நாற்றமடிக்கும், வேலை செய்யும்.

முத்தங்களுடன்,
உன் சல்வா

*

காபெஸ்
16 டிசம்பர் 2018

அன்புள்ள சல்வா,

தைலம் வந்தது. வீடு முழுக்க ஆட்டு மந்தை வாசனை. மாமிக்குக் கொஞ்சம் தேவலை என்கிறாள். மகள் அனுப்பியது என்றால் வெந்நீர்கூட மருந்துதான்.

உன் கடிதம் சாமர்த்தியமான கடிதம். இறக்கை விரியாதவன் எப்படி அடுத்த வீட்டுக்கு விருந்துக்குப் போவான் என்ற கேள்வியைத் தொடாமலே இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் பிரிப்பவள், நீ சேர்ப்பவள் என்று பேராசிரியர் கேலி செய்வாரே, இப்போது இருவரும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறோம். வாயால் இல்லாவிட்டாலும் மனதால் நீ ஒத்துக்கொண்டுவிட்டாய் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூடிவிட்டு வா என்கிறாய். நான் மூடினால் நாளை வேறு ஒருவன் தோண்டுவான். இன்று டி.என்.ஏ. பார்க்காதவன் யார்? வண்டும் தேனீயும் எறும்பும் யாருக்கு யார் உறவு என்று எல்லாவற்றையும் பிரித்து மேய்கிறார்கள். அவனுக்கு லஸ்ஹர் என்பது ஒரு மனிதன் இல்லை, காபெஸில் இரண்டு பெண்கள் செய்த ஒரு தப்பு. ஒரு வரியில் அடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பான். நாமே செய்தால், இதை முதலில் பிடித்தவன் யார், எந்த விளக்கடியில் பிடித்தான் என்று மரியாதையாக இரண்டு வரி எழுதலாம். என் புருஷன் பெயரை ஒரு பொய்யின்மேல் உட்கார்த்தி வைக்க எனக்கு மனமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வேறு வாயிலிருந்து உனக்கு வருவதற்குள். எங்கள் இன்ஸ்டிடியூட்டில் கணக்குப் பாடம் எடுக்கும் தாஹர் உனக்குத் தெரிந்தவர்தான், மனைவியை இழந்தவர். தன் தங்கையை அனுப்பி என்னைப் பெண் கேட்டார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. மாமியிடம் மறைக்கவில்லை. அவள் அவரைக்காயை நறுக்கிக்கொண்டே, "கோர்ட்டுல போயி அவன் இல்லேன்னு எழுதி வாங்கிக்க புள்ள, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள், ஆனால் சொன்னாள். அன்று நான் அழுதேன். எனக்கு நாற்பத்தொன்று ஆகிறது சல்வா. புருஷன் இருக்கிறவளா, இல்லாதவளா என்று யார் கேட்டாலும் எனக்குப் பதில் தெரியாமல் இருந்தது. மாமி அந்தப் பதிலைக் கையில் கொடுத்தாள்.

மிஷினில் இடம் கிடைத்ததா?

உன்,
ரஃபீகா

*

மார்செய்
20 ஜனவரி 2019

மதினிக்கு,

முடிவு வந்துவிட்டது. முதல் மூன்று குப்பிகளும் ஒரு பக்கம், அடுத்த மூன்றும் மறு பக்கம். டி.என்.ஏ.யில் நூறு எழுத்துக்குப் பதினொன்று வித்தியாசம். அண்ணன் தம்பி இல்லை, ஒன்றுவிட்ட உறவுகூட இல்லை. லஸ்ஹரி தனி இனம். அல்ஹம்துலில்லாஹ். அந்த இறக்கை விரியாத ஆண் எப்படி அங்கே வந்தான் என்று நீயே யோசித்துக்கொள். ஒருவேளை இன்னொரு கூட்டைக் கொள்ளையடித்து முட்டையாகத் தூக்கி வந்திருப்பார்கள். படை எறும்புகள் செய்யாததா?

ஆகவே விஷயம் முடிந்தது. யாருக்கும் எதுவும் எழுத வேண்டாம்.

தாஹரைப் பற்றி எழுதியிருந்தாய். நல்ல மனிதர்தான். ஒரு விஷயத்தை மட்டும் கேட்காமல் இருக்க முடியவில்லை, மன்னித்துக்கொள். ஒரு கடிதத்தில் அண்ணன் பெயரை எடுக்க வேண்டும் என்கிறாய். அதே கடிதத்தின் அடுத்த பத்தியில் மாப்பிள்ளை வருகிறார். இரண்டும் ஒரே மையில் எழுதியது போல் இருக்கிறது. அவசரம் எறும்புக்கா, உனக்கா? கோர்ட்டில் வாங்கிக்கொள், நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் அவன் பெயர் இருக்கிற ஒரே இடத்திலிருந்தும் அவனைத் துடைத்துவிட்டுத்தான் போக வேண்டுமா?

உம்மாவுக்கு என் முத்தம்.

சல்வா

*

காபெஸ்
10 பிப்ரவரி 2019

சல்வா,

மூன்றாவது குப்பியில் இருந்தது ஆண் இல்லை.

நான்காவது குப்பியில் எந்த வேலைக்காரியின் சதை இருந்ததோ, அதே வேலைக்காரியின் மறு பாதிதான் மூன்றாவதில். விடுதிக் காலத்திலிருந்து ஒருவருக்கொருவர் மாதிரிப் பெட்டி கொடுத்தால் ஒன்றை மாற்றி வைப்போமே, மற்றவள் ஏமாறுகிறாளா என்று பார்க்க. கண்டுபிடித்தால் தோற்றவள் முட்டை வைத்துப் பொரித்த பிரிக் வாங்கித் தர வேண்டும். அந்தப் பழக்கத்தில் வைத்தேன். உன்னைச் சோதிக்க வைக்கவில்லை. "திருடி, மூன்றாவதில் மாற்றி வைத்திருக்கிறாய், பிரிக் எங்கே?" என்று நீ எழுதுவாய் என்றுதான் காத்திருந்தேன். நீ அந்தப் பழக்கத்தை மறந்துவிட்டாய்.

ஒரே எறும்பின் இரண்டு பாதிக்கும் நூற்றுக்குப் பதினொன்று வித்தியாசமா? நீ குப்பியைத் திறந்தே பார்க்கவில்லை, அல்லது திறந்து பார்த்துவிட்டு எனக்குப் பொய் எழுதினாய். எது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் எனக்கு வலிக்கிறது. இருபது வருடத்தில் நாம் மற்ற எல்லாவற்றிலும் பொய் சொல்லியிருக்கிறோம், வயசில், எடையில், யார் சமைத்தது என்பதில். எறும்பில் சொன்னதில்லை.

தாஹர் விஷயத்தில் நீ எழுதியதற்குப் பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன், மூன்று தடவை. இவ்வளவுதான் சொல்ல முடிகிறது. லஸ்ஹர் படகில் போகப்போகிறான் என்பது உனக்கு முன்பே தெரியும், எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தால் தடுப்பேன் என்று உங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. அதற்காக நான் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்றும் கேட்கப்போவதில்லை. ஆனால் அவனை யார் துடைத்தார்கள் என்று என்னிடம் எழுதாதே.

உண்மையான முடிவை அனுப்பு. நாம் இருவரும் கையெழுத்துப் போட்டு வெளியிடுவோம். பெயர் வைத்தது இருவர், எடுப்பதும் இருவராக இருக்கட்டும்.

ரஃபீகா

*

மார்செய்
3 மார்ச் 2019

ரஃபீகா,

திறந்தேன். எல்லாக் குப்பியையும் திறந்தேன். ஆறும் ஒன்று. முடிவை இதோடு வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்.

ஆறும் ஒன்றாக வந்ததால் மூன்றாவதை நீ மாற்றி வைத்தது எனக்குத் தெரியவே வழியில்லை. வித்தியாசம் இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். பொய் சொன்னபோதுதான் மாட்டிக்கொண்டேன். உன்மேல் கோபப்படலாம் என்று பார்க்கிறேன், வரவில்லை.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. உலகத்தில் எங்கே யார் 'லஸ்ஹரி' என்று ஒரு கட்டுரையில் எழுதினாலும் என் போனுக்கு ஒரு மணியடிக்கும்படி வைத்திருக்கிறேன். வருடத்துக்கு நாலைந்து தடவை வரும். போன வருடம் பிரேசிலிலிருந்து ஒன்று, ஜப்பானிலிருந்து ஒன்று. யாரோ எங்கோ என் அண்ணன் பெயரை இன்று எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அன்று முழுவதும் எனக்குப் பசிக்காது. அவன் படகேறுவது எனக்குத் தெரியும் என்று நீ சொன்னது சரி. கரைவரை போகிற லுவாஜ் வாடகை வண்டியில் அவனை ஏற்றிவிட்டது நான்தான். போய்ச் சேர்ந்ததும் என் நம்பருக்குத்தான் முதலில் அடிப்பதாகச் சொன்னான். அந்த நம்பரை நான் இன்னும் மாற்றவில்லை. அதில் அவன் பெயரோடு வருகிற மணி இது ஒன்றுதான்.

கையெழுத்துப் போட என்னால் முடியாது. நீ தனியாகப் போடு. நீ செய்வது சரி என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் என்னால் முடியவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். உம்மாவிடம் சொல்லாதே. அவள் லத்தீன் பெயர் வரும் பத்திரிகை படிக்கப்போவதில்லை.

தாஹரைப் பற்றி எழுதியதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

சல்வா

*

காபெஸ்
16 ஜூன் 2019

அன்புள்ள சல்வா,

பிந்திய பெருநாள் வாழ்த்துகள். குறிப்பு நோன்பின் நடுவில் அச்சில் வந்தது. ஒரு பக்கம்தான். லஸ்ஹரி என்பது பழைய இனத்தின் ஆண், அந்தப் பெயர் இனி செல்லாது என்று. பெட்ரோல் பங்கையும் ஹரிஸா டப்பாவையும் எழுதினேன். ஆசிரியர் டப்பாவை எடுத்துவிட்டார், பங்க் இருக்கிறது.

நீ கேட்டுக்கொண்டதை நான் செய்யவில்லை. மாமியிடம் சொல்லிவிட்டேன். ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு என்னால் அதை வயிற்றில் வைத்திருக்க முடியவில்லை. வருத்தப்படுவாள், நாலு நாள் முகம் தூக்குவாள், பிறகு தேறுவாள் என்று கணக்குப் போட்டேன். அவள் பெருநாளுக்கு மக்ரூத் பலகாரம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமி, அந்த எறும்புக்கு வச்ச பேர எடுத்துட்டோம்" என்றேன்.

"ஏன்?"

"அது புதுசில்ல. முன்னாலயே தெரிஞ்சதுதான். பாக்க வேற மாதிரி இருந்துச்சு, நாங்கதான் அடையாளம் தெரியாம தனியாப் பேர் வச்சிட்டோம்."

கத்தி நின்றது. "அப்ப பேர் வச்சது தப்புங்கிறே."

"தப்புதான் மாமி."

"நீ மட்டும் சொல்றியா, எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களா?"

"எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. அச்சுல வந்துருச்சு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். நான் அழுகையை எதிர்பார்த்து அருகில் போனேன். அவள் சிரித்தாள், சல்வா. எட்டு வருடத்தில் நான் அந்தப் பல்லைப் பார்த்ததில்லை. "நான் அன்னிக்கே சொன்னேனே புள்ள. செத்தவன் பேரத்தான் வைக்கணும். நீங்க அவசரப்பட்டு வச்சீங்க, அது நிக்கல. எப்படி நிக்கும்? எம் மவன் உசுரோட இருக்கான்."

நான் எவ்வளவோ சொன்னேன். எறும்பு வேறு, மனிதன் வேறு என்றேன். இது இரண்டு பெயரில் எது முந்தியது என்கிற வழக்கு, அவ்வளவுதான் என்றேன். "எனக்கு எழுத்துத் தெரியாது, நீங்க படிச்சவங்க சொன்னதத்தான் நான் சொல்றேன்" என்றுவிட்டாள். பெருநாள் காலையில் அவனுக்கும் ஒரு தட்டு வைத்தாள். அவன் சட்டைகளை எடுத்து மொட்டை மாடியில் உலர்த்தினாள். ரஹ்மத் என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து போயே போய்விட்டது. தாஹரின் தங்கை பெருநாள் பலகாரத்தோடு வந்தபோது வாசலிலேயே நிறுத்தி, "எம் மருமவளுக்குப் புருஷன் வெளியூர் போயிருக்கான், வந்ததும் வாங்க" என்றாள். நான் பின்னால் டீத்தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

நான் பிரித்துப் பார்க்கிற வேலையை இருபது வயதிலிருந்து செய்கிறேன். இது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் உண்மைதான் போய்ச் சேரும் என்று நினைத்துவிட்டேன்.

இப்போது உன்னால்தான் முடியும். நான் பேச்செடுத்தால், பெயரை எடுத்தவளே வந்து சாகடிக்கிறாளே என்று பார்க்கிறாள். நீ அவன் ரத்தம். போனில் மெதுவாகச் சொல், அவன் இல்லை என்று. ஒரு தடவை ரஹ்மத் சொன்னவள், நீ சொன்னால் மறுபடியும் சொல்வாள். இதற்காக நான் உன் காலில் விழவும் தயார்.

உன்,
ரஃபீகா

*

மார்செய்
25 ஜூன் 2019

மதினி,

நேற்று உம்மாவோடு பேசினேன். நீ இன்ஸ்டிடியூட்டுக்குப் போயிருந்தாய். சொல்லத்தான் கூப்பிட்டேன், சத்தியமாக.

அவள் எனக்கு முன்னால் ஆரம்பித்துவிட்டாள். "உனக்குத் தெரியுமா, பேர எடுத்துட்டாங்களாம்" என்றாள். அந்தக் குரலை நீ கேட்டிருக்க வேண்டும். கல்யாண வீட்டுக் குரல். பிறகு, "நீ அந்தக் கரையில இருக்கே, ஒண்ணும் கேள்விப்படலியா?" என்றாள். நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஸ்ஃபாக்ஸ்காரர் ஒருவர் இங்கே சந்தையில் அண்ணன் ஜாடையில் ஒரு ஆளைப் பார்த்ததாகச் சொன்னார் என்று வந்தது. எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

சொன்ன பிறகு அரை நாள் நானும் சந்தையில் சுற்றினேன். எனக்கே நான் சொன்னதில் நம்பிக்கை வந்துவிட்டது.

திட்டு. எழுதித் திட்டு. அவளிடம் மட்டும் இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதே.

சல்வா

*

காபெஸ்
8 ஜூலை 2019

சல்வா,

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். இரண்டு வாரமாக என் போனை நீ எடுப்பதில்லை. மாமியின் போனையும் எடுக்கவில்லை, அதனால் அவளே உன்னிடம் சொல்ல முடியவில்லை.

அவள் வருகிறாள். போன வருடம் உன்னைப் பார்க்க எடுத்த விசா ஆகஸ்ட்வரை செல்லும். இருபதாம் தேதிக் கப்பலில் இடம் வாங்கிவிட்டாள், தன் வளையலை விற்று. விமானம் வேண்டாமாம். அவன் போன கடல் வழியாகவே போக வேண்டுமாம். முழங்காலை மறந்துவிட்டாள். காலையில் எழுந்து தெருக்கோடிவரை நடந்து பழகுகிறாள், உன்னோடு சந்தையில் நடக்க வேண்டுமே என்று. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. ஷத்லி ஒரு கூடைப் பேரீச்சம்பழம் கொடுத்தான், லஸ்ஹருக்கு என்று.

நான் தடுத்தேன். பொய் என்றேன், நீ எழுதிய கடிதத்தைப் படித்தும் காட்டினேன். அவள் நடுவில் நிறுத்தி, "ஒனக்கு அவன் வரக் கூடாது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னாள்.

நான் போன வாரம் கோர்ட்டில் மனு கொடுத்துவிட்டேன். தாஹருக்காக இல்லை, அவர் தங்கை அதன் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. மாமியைக் கப்பலேற்றிவிட்டு ஸ்ஃபாக்ஸில் என் தம்பி வீட்டுக்குப் போகிறேன். வீட்டுச் சாவி ஷத்லி மனைவியிடம் இருக்கும். எறும்புப் பெட்டிகளை இன்ஸ்டிடியூட்டுக்குக் கொடுத்துவிட்டேன், இருவர் பெயரிலும்தான். உன்னோடு எழுதிக்கொள்ள எனக்கு இனி ஒன்றுமில்லை. நீ செய்தது ஏன் என்று எனக்குப் புரிகிறது, அதனால்தான் மன்னிக்க முடியவில்லை. புரியாமல் இருந்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

கப்பல் இருபத்தொன்றாம் தேதி மாலை வந்துசேரும். அவளுக்கு அந்த ஊர்ப் பேச்சு ஒரு வார்த்தையும் தெரியாது, ஆகவே நேரத்தோடு போய் நில். பெட்டியைத் தூக்க விடாதே. அதில் அவளுடையது ஒன்றுமில்லை, அவன் சட்டைகள்தான். அங்கே என்ன சொல்லப்போகிறாய் என்பது உன் பாடு.

படியிறங்கும்போது அவள் முதலில் உன்னைப் பார்க்கமாட்டாள். உனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்றுதான் பார்ப்பாள். அதற்கு நீ கோபித்துக்கொள்ளாதே.

ரஃபீகா